பணம் கொடுத்தாயிற்று, இன்னும் என்ன?

கேள்வி: கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளிகளை மூடிக் கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. பிரதமர் மன்னிப்புக் கேட்டார், இழப்பீடும் கொடுத்தார்கள். அந்தப் பள்ளி வாசலையே மிதிக்காத பேரப்பிள்ளைகளும் 'காயம் ஆறவில்லை' என்கிறார்களே, ஏன்? மனநல மருத்துவரிடம் போகாமல், சடங்குக்காகச் சூடேற்றிய வியர்வைக் குடிலில் உட்கார்ந்தால் சரியாகிவிடுமா? (ஸ்காபரோ வாசகர் ஒருவர்)

பதில்: இழப்பீடு எதற்கு என்று பாருங்கள். 2006 இழப்பீட்டு ஒப்பந்தப்படி பள்ளியில் கழித்த முதல் ஆண்டுக்கு 10,000 டாலர், பிறகு ஆண்டுக்கு 3,000. அதுவும் 2005 மே 30 அன்று உயிரோடு இருந்தவர்களுக்குத்தான். அடி, பாலியல் கொடுமைக்குத் தனி விசாரணை. நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்லவைத்து, புள்ளி போட்டுத் தொகையை முடிவு செய்தார்கள். தாய்மொழி போனதற்குப் புள்ளி கிடையாது. அம்மாவுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாமல் போனதற்கும் கிடையாது.

பேரப்பிள்ளையின் காயம் தொடங்குவது அங்கேதான். பிள்ளைகளை இந்தப் பள்ளிகளுக்கு அனுப்புவதை 1920இல் சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்தினார்கள். மொத்தம் ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகள். ஐந்தாறு வயதில் பிடித்துக்கொண்டு போய், அண்ணனையும் தங்கையையும் தனித்தனிக் கூடத்தில் அடைத்து, சொந்த மொழியில் பேசினால் அடித்தார்கள். மணி, வரிசை, தண்டனை: பெரியவர்கள் பிள்ளைகளை நடத்தும் விதமாக அவர்கள் கண்டது இவ்வளவுதான். ஊர் திரும்பியபோது பாட்டியோடு பேச மொழி இல்லை. அவர்கள் பெற்றோரானதும், 'இவர்களுக்கு வளர்க்கத் தெரியவில்லை' என்று 1960களில் நலத்துறை வந்து அடுத்த தலைமுறையையும் எடுத்துப்போய் வெள்ளையர் வீடுகளில் விட்டது. 2021 கணக்கெடுப்பைப் பாருங்கள்: 15 வயதுக்குட்பட்டோரில் பூர்வகுடிகள் 7.7 சதவீதம், வளர்ப்பு இல்லங்களில் இருக்கும் அந்த வயதுப் பிள்ளைகளில் 53.8 சதவீதம். பள்ளி மூடியது, பிள்ளையைப் பிரிப்பது நிற்கவில்லை.

வியர்வைக் குடிலுக்கு வருகிறேன். வளைத்துக் கட்டிய வில்லோ மரக் கம்புகளின் மேல் கம்பளமும் கித்தானும் போர்த்திய தாழ்வான குடில் அது. வெளியே நெருப்பில் சில மணி நேரம் காய்ந்த கற்களை நடுக்குழியில் வைத்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். வழக்கமாக நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கதவு திறக்கும். இருட்டில் பாட்டு, வேண்டுதல், பேச்சு. இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் நடத்தும் மூத்தவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

பெரிய ஆபத்து வெப்பத்தில் இல்லை. நாற்பது ஆண்டு பூட்டி வைத்த கொடுமையை ஒருவர் அந்த இருட்டில் முதல் தடவையாகச் சொல்லிவிட்டு, அன்றிரவே தனியாக வீடு திரும்புகிறாரே, அதில்தான் இருக்கிறது. குடியும் தற்கொலை எண்ணமும் அப்போது வரலாம். அதனால்தான் பொறுப்பாக நடத்துபவர்கள் முடிந்ததும் சேர்ந்து சாப்பிட வைத்து, மறுநாள் நலம் விசாரித்து வர ஒருவரை அவர் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆலோசகரையும் கூடவே வைத்திருப்பார்கள். எட்மன்டன் அருகே பவுண்ட்மேக்கர்ஸ் லாட்ஜ் 1973 முதல் குடிநோய்ச் சிகிச்சையையும் சடங்கையும் சேர்த்தே தருகிறது. மருத்துவரா, குடிலா என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை. இந்தப் பள்ளிகளில் நடந்ததை விசாரித்த உண்மை அறியும் ஆணையம் 2015இல் வைத்த 94 கோரிக்கைகளில் 22ஆவதும் இதையே கேட்கிறது: பூர்வகுடி நோயாளி விரும்பினால் அவர்களின் மூத்தோரோடு சேர்ந்து மருத்துவம் செய்யுங்கள். விரும்பினால் என்பது முக்கியம். வியர்வைக் குடில் பெரும்பாலும் சமவெளிப் பூர்வகுடிகளின் சடங்கு, வட துருவப் பகுதியில் வாழும் இன்யூட்டுகளுக்கு உரியதல்ல. பூர்வகுடி என்றாலே குடிலுக்கு அனுப்புவது எல்லாரையும் ஒரே அச்சில் வார்த்த பள்ளியின் புத்திதான்.

பணம் கொடுத்தாயிற்று என்கிறீர்கள். பூர்வகுடி ஊர்களே நடத்திய, காயம் ஆற்றும் பணிகளுக்காக 1998இல் 35 கோடி டாலரோடு ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். 2010இல் அரசு நிதியைப் புதுப்பிக்கவில்லை. 2014இல் அது மூடப்பட்டது. மூன்று தலைமுறையில் உடைந்ததற்குக் கொடுத்த காலம் பதினாறு ஆண்டு.

எது பலன் தருகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. சான்ட்லர், லலோண்ட் என்ற இரு உளவியலாளர்கள் பிரிட்டிஷ் கொலம்பியாவின் பூர்வகுடி ஊர்களில் 1987 முதல் 1992 வரை நடந்த இளையோர் தற்கொலைகளை ஆராய்ந்தார்கள். நில உரிமைப் போராட்டம், தன்னாட்சி, பள்ளி, மருத்துவம், காவல்-தீயணைப்பு, பண்பாட்டுக் கூடம் ஆகிய ஆறும் தங்கள் கையில் இருந்த ஊர்களில் அந்தக் காலத்தில் ஓர் இளையவர்கூடத் தற்கொலை செய்துகொள்ளவில்லை. எதுவுமே கையில் இல்லாத ஊர்களில் விகிதம் மிக அதிகம்.

பூர்வகுடிகள் தங்கள் பிள்ளைகள் நலனைத் தாங்களே சட்டம் இயற்றி நடத்தும் உரிமையை 2019 கூட்டாட்சிச் சட்டம் ஒப்புக்கொண்டது. சஸ்காட்சுவான் மாகாணத்தின் கௌவெசெஸ் என்ற பூர்வகுடி மக்கள் 2021 ஜூலையில் அதற்கான முதல் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். உங்கள் கேள்வியில் வரும் பேரப்பிள்ளைகள் கேட்பது அந்த அதிகாரத்தை.