சுக்கினியை வேகவைத்துச் சாப்பிட்டால் சத்து கிடைக்குமா, அது வெறும் தண்ணீர்க் காய்தானா?

வெள்ளரிக்காய் போலிருக்கும் இந்தப் பூசணி வகைக் காய் தண்ணீர்க் காய் என்பது உண்மைதான், 100 கிராமில் ஏறக்குறைய 95 கிராம் தண்ணீர். ஆனால் எனக்கு இந்தக் காய் பிடித்ததற்கே அதுதான் காரணம். வேகவைத்த 100 கிராமில் 15 கலோரிதான் இருக்கிறது. ஒரு பெரிய கிண்ணம் நிறையச் சாப்பிட்டு வயிறு நிறைந்தாலும் 30 கலோரியைத் தாண்டாது. மாவுச்சத்தும் குறைவு என்பதால் சர்க்கரை அளவைக் கவனிப்பவர்களுக்கும் எடை குறைக்க நினைப்பவர்களுக்கும் தயங்காமல் சொல்வேன்.

அதே 100 கிராமில் பொட்டாசியம் சுமார் 260 மில்லிகிராம், வைட்டமின் சி 13 மில்லிகிராம், கொஞ்சம் ஃபோலேட் என்ற பி வைட்டமினும் உண்டு. நார்ச்சத்து 1 கிராம்தான். மலச்சிக்கலுக்கு இது ஒன்றே போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், கூடவே பருப்போ கீரையோ வேண்டும்.

பலரும் வீணாக்குவது தோலைத்தான். கண்ணின் விழித்திரையில் சேர்ந்திருக்கும் லூட்டின், ஸியாசாந்தின் என்ற நிறமிகள் அந்தப் பச்சைத் தோலில்தான் அதிகம். நானும் முதலில் தோல் சீவித்தான் சமைத்தேன். இதைப் படித்த பிறகு நன்றாகக் கழுவி அப்படியே நறுக்குகிறேன். இந்த நிறமிகளை உடல் ஈர்த்துக்கொள்ளக் கொஞ்சம் கொழுப்பு தேவை, ஒரு டீஸ்பூன் எண்ணெய் போதும். அதற்கு மேல் வேண்டாம். சுக்கினி ஸ்பாஞ்ச் மாதிரி எண்ணெயைக் குடிக்கும், ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயிலேயே 120 கலோரி இருக்கிறது. காயில் மிச்சப்படுத்தியதெல்லாம் அதிலேயே போய்விடும்.

சரி, எப்படிச் சமைப்பது? நிறையத் தண்ணீரில் கொதிக்கவைத்து வடித்தால் வைட்டமின் சி-யும் பொட்டாசியமும் ஓரளவு அதோடு போய்விடும். ஆவியில் நான்கைந்து நிமிடம் வைத்தாலோ, சூடான வாணலியில் சட்டென்று வதக்கினாலோ போதும், குழையவும் செய்யாது. விரல் நீளத்தைவிடக் கொஞ்சம் பெரிய பிஞ்சாக வாங்குங்கள், விதை முற்றியிருக்காது. சிறுநீரக நோயால் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் வடித்துச் சாப்பிடலாம், அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், கசந்தால் துப்பிவிடுங்கள். குக்கர்பிட்டாசின் என்ற நச்சுதான் அந்தக் கசப்பு, சமைத்தாலும் போகாது. 2015-இல் ஜெர்மனியில் வீட்டுத் தோட்டத்துச் சுக்கினியைச் சமைத்துச் சாப்பிட்ட முதியவர் ஒருவர் இதனால் இறந்தார். வீட்டில் விளைந்ததாக இருந்தால் சமைக்கும் முன் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள்.