திங்கட்கிழமை மட்டும் ஏன் நெஞ்சு இறுகுகிறது?

வேலையும் உடம்பும்: வாசகர் கேள்விகளுக்கு, தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யின் மருந்தகங்களில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெண் மருத்துவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: எங்க ஊட்டுக்காரர் நூல் மில்லுல, பஞ்சை உதிர்த்துச் சுத்தம் பண்ற புளோ ரூம்ல பதினோரு வருசமா வேலை பார்க்கறாருங்க. ஞாயித்துக்கிழமை லீவு, அன்னிக்கு நல்லாத்தான் இருப்பாரு. திங்கக்கிழமை ஷிப்ட் முடிஞ்சு வந்தா நெஞ்சுல கல்லு வெச்ச மாதிரி இருக்குதுங்கறாரு, மூச்சு வாங்குது. செவ்வா, புதன்ல சரியாயிருது. எக்ஸ்ரேல ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. பீடி குடிக்கறதாலதான்னு சூப்பர்வைசர் சொல்றாரு. நெசமாங்க டாக்டர்?
- ஒரு வாசகி, பல்லடம்

பதில்: அம்மிணி, எந்தக் கிழமையில் வருகிறது என்று கவனித்து எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பெரிய உதவி. பீடி இருமலுக்குக் கிழமை தெரியாது. லீவு முடிந்து மில்லுக்குள் போகிற முதல் நாளில் நெஞ்சு இறுகி, அடுத்தடுத்த நாளில் தணிந்தால், பஞ்சுத் தூசியால் வரும் ‘பிசினோசிஸ்’ என்ற நுரையீரல் நோயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பஞ்சு மூட்டையான பேலைப் பிரிக்கிற இடம், பஞ்சு கலக்கும் மிக்ஸிங், புளோ ரூம், பஞ்சைச் சீவும் கார்டிங் ஆகிய இடங்களில்தான் தூசி அதிகம். பஞ்சோடு வரும் இலைத்தூளும், அதில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவின் நச்சும் மூச்சுக்குழாயைச் சுருக்குகின்றன. பீடி இதை இன்னும் மோசமாக்கும். இன்றே விடச் சொல்லுங்கள். ஆனால் பழியை எல்லாம் பீடி மேல் போட்டுவிட்டுத் தூசியைத் தப்பவிடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எக்ஸ்ரே சுத்தமாக இருந்ததை நம்பி நிம்மதியாகிவிடாதீர்கள். இந்த நோயில் அது பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். தேவைப்படுவது ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை. லீவு முடிந்த முதல் நாள் ஷிப்டுக்கு முன் ஒருமுறை, முடிந்ததும் ஒருமுறை எடுத்து ஒப்பிட வேண்டும். முதல் நாளோடு நிற்கிற இந்தக் கட்டத்தில் தூசியை விட்டு விலகினால் பெரும்பாலும் தேறிவிடலாம். வாரம் முழுக்க இளைப்பு, பிறகு லீவு நாளிலும் இளைப்பு என்று முற்றிவிட்டால் போன மூச்சு திரும்பாது. அதனால்தான் தள்ளிப்போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

நான் வேலை பார்த்த மருந்தகத்தில் இளைப்போடு வருகிறவர்களின் சட்டைக் காலரில் பஞ்சு ஒட்டியிருக்கும். எந்த டிபார்ட்மென்ட் என்றுதான் முதலில் கேட்பேன். எல்லா டாக்டரும் கேட்பார்கள் என்று சொல்ல முடியாது. அதனால் நீங்களே சொல்லுங்கள்: என்ன வேலை, எத்தனை வருடம், எந்த நாளில் வருகிறது என்று. அதைச் சீட்டில் எழுதவும் சொல்லுங்கள். வேலையால் வரும் நோய்களுக்குச் சட்டத்தில் உள்ள தொழில்நோய்ப் பட்டியலில் பிசினோசிஸ் இருக்கிறது. இ.எஸ்.ஐ.யில் சாதாரண நோய் விடுப்புக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரைதான். தொழில்நோய் என்று ஏற்கப்பட்டு வேலைக்குப் போக முடியாமல் இருந்தால், அந்த நிலை நீடிக்கும் வரை 90 சதவீதம். மாதாமாதம் சம்பளத்தில் இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம் பிடித்தம் போகிறதே, கூசாமல் கேளுங்கள்.

மில்லில் நூலைச் சுற்றும் கோன் வைண்டிங் போலத் தூசி குறைந்த டிபார்ட்மென்டுக்கு மாற்றச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். அழுத்தக் காற்றுக் குழாயைப் பிடித்து மெஷினையும் சட்டையையும் ஊதுகிற பழக்கத்தை நிறுத்த வேண்டும். படிந்த தூசியைக் கிளப்பி மூக்குக்கே கொண்டுவருகிற வேலை அது. உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். கர்ச்சீப் நுண்தூசியைத் தடுக்காது. என்95 முகமூடி சரியாகப் படிந்திருந்தால் உதவும். ஆனால் மில்லின் அந்தப் புழுக்கத்தில் எட்டு மணி நேரம் யார் போட்டிருக்க முடியும்? தூசியை மெஷினிலேயே பிடிக்கிற வசதியைச் செய்து தருவது முதலாளியின் பொறுப்பு.

கேள்வி: ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை. பகல் முழுக்க நிற்கிறேன், கால் வீங்குகிறது. ஆளில்லாத நேரத்தில் உட்கார்ந்தாலும் திட்டுகிறார்கள்.
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: திட்ட அவர்களுக்கு உரிமை இல்லை, கண்ணு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் செய்த திருத்தப்படி, ஊழியர் எல்லோருக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும். தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் கூட வேலை செய்கிறவர்களோடு சேர்ந்து கேளுங்கள். மறுத்தால் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம். ராத்திரி படுக்கும்போது காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, கெண்டைக்கால் வலித்தால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.