ஜீன் என்றால் பரம்பரையா? (கடிதம்)

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. ஐசியூவில் பத்து நாள் கிடந்ததில் சிறுநீரில் கிருமி சேர்ந்துவிட்டது. கல்ச்சர் ரிப்போர்ட்டில் ‘கிளெப்சியெல்லா’ என்று போட்டு, கொலிஸ்டின் தவிர ஏறக்குறைய எல்லா மருந்துக்கும் நேராக ‘ஆர்’, அதாவது ரெசிஸ்டன்ட், கிருமி அந்த மருந்துக்கு அடங்காது என்று. ‘என்டிஎம் ஜீன் இருக்கு’ என்றார் டாக்டர். அம்மா, ஜீன் என்றால் பரம்பரைதானே, பேரப்பிள்ளைகளுக்கும் வருமா என்று அழுகிறாள். அப்பா காய்ச்சலுக்கே கஷாயம் குடிக்கிற ஆள். அவருக்கு எப்படி மருந்து கேட்காமல் போகும்?

ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பி,

அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள், அந்த ஜீன் அப்பாவுடையது இல்லை, கிருமியுடையது. ‘அவருக்கு மருந்து கேக்கல’ என்று நாம் சொல்லிச் சொல்லியே ஏதோ உடம்புதான் மருந்தோடு பிணங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. அப்பா ஆயுளுக்கும் கஷாயமே குடித்திருந்தாலும், ஆஸ்பத்திரியில் சிறுநீர்க் குழாய் வழியாகவோ யாருடைய கை வழியாகவோ வந்து சேர்ந்த கிருமி, அதற்கு முன்னால் எத்தனையோ பேருக்கு ஏற்றிய மருந்துகளைத் தாண்டி வந்ததாக இருக்கலாம்.

அம்மாவின் கேள்வியில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. கிருமிகளுக்குள்ளேயே கூட இது பரம்பரையாக மட்டும் வருவதில்லை. என்டிஎம் ஜீன் பெரும்பாலும் பிளாஸ்மிட் என்கிற சின்ன டிஎன்ஏ வளையத்தில் இருக்கும். ஒரு பாக்டீரியா பக்கத்தில் இருப்பதோடு ஒட்டிக்கொண்டு அந்த வளையத்தின் பிரதி ஒன்றைக் கொடுத்துவிடும், தானும் ஒன்று வைத்துக்கொள்ளும், வாங்குவது சொந்த இனமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நம்மூரில் அல்வாவுக்குப் பக்குவம் கேட்டால் ‘எல்லாம் தாமிரபரணித் தண்ணிதான்’ என்று சிரித்தே அனுப்பிவிடுவார்கள். பாக்டீரியாவுக்கு அந்தக் கெட்டித்தனம் கிடையாது, கேட்காமலே எழுதிக் கொடுக்கும்.

டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒருவரிடம் 2008-ல் ஸ்வீடனில்தான் இந்த ஜீன் முதலில் அகப்பட்டது. சிறுநீரில் இருந்த கிளெப்சியெல்லாவில் கண்டுபிடித்தார்கள், அப்புறம் பார்த்தால் அதே ஆளின் மலத்தில் இருந்த ஈ.கோலை என்ற வேறொரு பாக்டீரியாவிலும் அது இருந்தது. என்டிஎம்மில் ‘என்டி’ என்பது ‘நியூ டெல்லி’, அந்தப் பெயரால் இங்கே பெரிய சண்டை நடந்தது. ஆனால் 2010-ல் வந்த ஆய்விலேயே சென்னை மாதிரிகளிலும் இருந்தது, ஆகவே நமக்கு ரோஷப்பட அதிக இடமில்லை.

அந்த ஜீன் செய்ய வைப்பது ஒரு நொதி. பெனிசிலின் தொடங்கி மெரோபெனம் வரைக்கும் அந்த வகை மருந்துகளுக்கு உயிர்நாடி பீட்டா லாக்டம் என்ற நான்கு அணு வளையம். நொதி, துத்தநாகத்தின் துணையோடு, அந்த வளையத்தை உடைத்துவிடும். அப்புறம் மருந்து வெறும் தண்ணீர் மாதிரிதான். போதாததற்கு, அதே பிளாஸ்மிட்டில் வேறு மருந்துகளுக்கான எதிர்ப்பு ஜீன்களும் பலசமயம் கூடவே தொற்றிக்கொண்டு வரும். உங்கள் ரிப்போர்ட்டில் ‘ஆர்’ வரிசையாக விழுந்தது அப்படித்தான் இருக்க வேண்டும்.

மருந்து இந்த ஜீனை உண்டாக்குவதில்லை, அடங்கிப் போகிற கிருமிகளைக் கொன்று, இது வைத்திருப்பவற்றுக்கு இடத்தைக் காலி செய்து கொடுக்கிறது.

கொலிஸ்டின் போட்டால் சிறுநீரகத்தைப் படுத்தும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே இருங்கள். அம்மா தாராளமாகப் போய்ப் பார்க்கட்டும், அப்பாவையோ யூரின் பையையோ தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். அப்புறம், அந்தக் குழாய் இன்னும் வேணுமா, எப்போ எடுப்பீங்க என்று டாக்டரிடம் தினமும் கேளுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.