சானடோரியத்தில் அப்பாவுடன் பத்து நாள்

அப்பாவின் சித்த மருத்துவத்துக்காகச் சென்னை தாம்பரம் சானடோரியம் பகுதியில், பணியாள் இல்லாமல் நாமே சமைத்துக்கொள்ளும் விடுதியில் தங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகத் தங்கலாம். நானும் அம்மாவுடன் அப்படித்தான் இருந்தேன்.

தண்ணீரில்தான் கவனம் வேண்டும். எங்கள் அறையில் வந்தது உப்பேறிய போர் தண்ணீர். மூன்றாம் நாளே கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிட்டது; ஐந்து விசில் வந்தும் பருப்பு குழையவில்லை. 20 லிட்டர் கேன் வாங்கி அதிலேயே சமையுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் அதற்கேற்ற, அடி தட்டையான குக்கரை வீட்டிலிருந்தே எடுத்து வாருங்கள்; சாதாரண அலுமினியப் பாத்திரம் அதில் சூடாகாது.

மதுரையிலிருந்து வருகிறீர்கள், எழும்பூர் வரை போக வேண்டாம். தாம்பரத்தில் இறங்கினால், கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் அடுத்த நிலையமே சானடோரியம். சாவியை எங்கே வைப்பார்கள் என்று முதல் நாளே போனில் கேட்டுவிடுங்கள். விடியற்காலையில் அப்பா வாசலில் காத்து நிற்கக் கூடாது.