பெல்ஜியத்தில் மொழிப் பிளவு பயணியின் கண்ணுக்குத் தெரியுமா?

தெரியும். ஆனால் சண்டையாகத் தெரியாது. வடக்கே டச்சு பேசும் ஃபிளாண்டர்ஸ், தெற்கே பிரெஞ்சு பேசும் வலோனியா, இரண்டும் செல்லுபடியாகும் பிரஸ்ஸல்ஸ். வேலை விஷயமாகக் கொஞ்ச காலம் பிரஸ்ஸல்ஸில் இருந்தேன். மொழிக்காக யாரும் யாரையும் திட்டிப் பார்த்ததில்லை. ஒரே வீட்டில் தனித்தனி அடுப்பு வைத்துக்கொண்ட அண்ணன் தம்பி மாதிரி அவரவர் பாட்டுக்கு இருக்கிறார்கள்.

நேரில் பார்க்க ஆசையென்றால் கடற்கரை ஊரான ஊஸ்டெண்டில், கிழக்கு ஓரத்தில் ஜெர்மன் பேசும் ஊரான ஆய்ப்பன் போகும் ரயிலில் ஏறுங்கள். புரூஜ், கென்ட் தாண்டும்வரை அறிவிப்பு டச்சில் மட்டும். பிரஸ்ஸல்ஸுக்குள் பிரெஞ்சும் சேர்ந்துகொள்ளும். லியூவன் பக்கம் மறுபடி டச்சு. லியேஜ் நெருங்கினால் பிரெஞ்சு. கடைசியில் ஜெர்மனும் காதில் விழும். 1962-63இல் சட்டம் போட்டு நிலைநிறுத்திய மொழி எல்லையைத் தாண்டுகிறீர்கள், ஆனால் ஜன்னலுக்கு வெளியே அதே வயல், அதே மாடுகள். ஒன்று மட்டும் கவனம்: ஊர்ப்பெயர்களும் மாறும். லியூவன் நிலையப் பலகையில் லியேஜைத் தேடாதீர்கள், டச்சுப் பெயரைத்தான் போட்டிருப்பார்கள்.

லியூவனில் இறங்கினால் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 1425இல் தொடங்கியது. டச்சு மண்ணில் பிரெஞ்சு வகுப்பு எதற்கு என்று மாணவர்கள் தெருவில் இறங்கியதில் 1968இல் மத்திய அரசே கவிழ்ந்தது. பல்கலைக்கழகத்தை இரண்டாகப் பிரித்து, பிரெஞ்சுப் பாதிக்காக எல்லைக்குத் தெற்கே வயல்வெளியில் லூவன்-லா-நெவ் என்று ஒரு புது ஊரையே கட்டினார்கள். நூலகப் புத்தகங்களை எப்படிப் பங்கு போட்டார்கள் தெரியுமா? அலமாரி எண் ஒற்றைப்படை உனக்கு, இரட்டைப்படை எனக்கு! செய்தது அத்தனை பேரும் பேராசிரியர்கள். புது ஊர் எனக்குப் பிடித்திருந்தது. மையப் பகுதியில் கார்களெல்லாம் தரைக்கு அடியில், மேலே மனிதர்கள் மட்டும்.

கோபத்துக்கு மொழி மட்டுமல்ல, காசும் காரணம். ஒரு காலத்தில் வலோனியாவின் நிலக்கரியும் எஃகும்தான் நாட்டுக்கே சோறு போட்டன. பிரெஞ்சு தெரியாதவனுக்கு மதிப்பில்லை. அரசியல் சாசனத்தின் டச்சுப் பிரதிக்கே 1967இல்தான் அதிகாரபூர்வ அந்தஸ்து கிடைத்தது. சுரங்கங்கள் மூடியதும் நிலைமை தலைகீழ். வலோனியாவின் ஷார்லெருவா நகரில் உள்ள மார்சினெல் சுரங்கம் இன்று அருங்காட்சியகம். 1956இல் அங்கே தீயில் இறந்த 262 பேரில் 136 பேர் பிழைக்க வந்த இத்தாலியர்கள். அதைப் பார்த்துவிட்டு வடக்கே பணம் புரளும் ஆன்ட்வெர்ப் துறைமுகத்துக்குப் போங்கள். 'எங்கள் வரிப்பணமெல்லாம் தெற்கே போகிறது' என்று வடக்கே ஏன் முணுமுணுக்கிறார்கள் என்பது விளங்கும்.

எனக்கு வியப்பாக இருந்தது அலுவலக கேன்டீன்தான். வடக்கே கென்ட்காரரும் தெற்கே நமூர்காரரும் ஒரே மேசையில் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். ஒருவர் தினமும் பார்க்கும் டிவி நிகழ்ச்சியின் பெயர்கூட மற்றவருக்குத் தெரியவில்லை. சேனல், பத்திரிகை, ஏறக்குறைய எல்லாக் கட்சிகளும் தனித்தனி. 2006 டிசம்பரில் ஃபிளாண்டர்ஸ் தனி நாடாகிவிட்டதாகப் பிரெஞ்சு மொழிப் பொதுத் தொலைக்காட்சி ஒரு பொய்ச் செய்தியை ஒளிபரப்ப, ஏராளமானோர் அப்படியே நம்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டில் என்ன நடக்கிறதென்று தெரிந்திருந்தால் நம்பியிருப்பார்களா?

நாடு உடைந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. பிரிய நினைத்தால் பிரஸ்ஸல்ஸ் யாருக்கு என்பது இடிக்கிறது. சுற்றிலும் ஃபிளாண்டர்ஸ் மண், உள்ளே பெரும்பாலும் பிரெஞ்சு. இரு தரப்பும் விட்டுத்தர மாட்டார்கள். 2010-11இல் தேர்தல் முடிந்து 541 நாள் புது அரசு அமையவில்லை. காபந்து அரசை வைத்தே ரயில் ஓடியது, சம்பளம் வந்தது. அந்தக் காலத்தைப் பற்றிக் கேன்டீனில் கேட்டேன். அதையெல்லாம் யாரும் பெரிதாகச் சொல்லவில்லை. அந்த வாரத்து ரயில் வேலைநிறுத்தத்தைத்தான் இரண்டு பேரும் சேர்ந்து திட்டினார்கள்.