பெயரை மாற்றினால் மட்டும் போதாது

தம்பி, பென்னாகரம் பக்கத்தில் ஒரு சிறுமிக்கு நடந்த பாலியல் வன்முறை பற்றிய செய்தியில் அவள் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, ஊர், பள்ளி, கைதான தாய்மாமன் பெயர் மூன்றையும் போடலாமா, அப்பாவே சம்மதித்துவிட்டாரே என்று கேட்டிருக்கிறீர்கள். போடக் கூடாது.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012, 23ஆவது பிரிவு பெயரோடு நிற்கவில்லை. முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என அடையாளம் காட்டிவிடும் எதுவும் கூடாது என்கிறது. அப்பாவின் சம்மதம் இங்கே செல்லாது. குழந்தையின் நலனுக்காக என்று சிறப்பு நீதிமன்றம் காரணத்தை எழுதி அனுமதித்தால்தான் உண்டு. மீறினால் 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பத்திரிகை உரிமையாளரும் சேர்ந்தே பொறுப்பு. பத்திரிகை ஆசிரியர் வற்புறுத்தினால் இதைச் சொல்லுங்கள்.

சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது நம் ஊர்களின் அளவு. ஐம்பது வீடு இருக்கிற ஊரில் 'எட்டாம் வகுப்பு மாணவி' என்றாலே யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். தாய்மாமன் பெயர் வந்தால் கேட்கவே வேண்டாம். பல வருடங்களுக்கு முன் கிருஷ்ணகிரியில் நான் எழுதிய ஒரு செய்தியில் பள்ளியின் பெயர் இருந்தது. அந்தப் பிள்ளை அப்புறம் பள்ளிக்கே வரவில்லை. இன்றும் அது நெஞ்சை உறுத்துகிறது.

'தர்மபுரி மாவட்டத்தில் சிறுமிக்குப் பாலியல் வன்முறை, தெரிந்த நபர் கைது' என்று எழுதினால் போதும். 'கெடுத்தார்', 'சீரழித்தார்' போன்ற சொற்கள் வேண்டாம். அவை பழியைப் பிள்ளைமேல் ஏற்றுகின்றன. வீட்டுப் படமும் வேண்டாம். மிச்ச இடத்தில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் போடுங்கள். பேட்டி கேட்டு மட்டும் அந்த வீட்டுக்குப் போய்விடாதீர்கள்.