படகிலேயே தங்கி டைவ் செய்ய எந்தக் கடல், எந்தப் படகு? டெல்டா வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

நாலைந்து நாள் படகிலேயே தங்கி, சாப்பிட்டு, தூங்கி, ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை ஸ்கூபா டைவ் (முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கடலுக்குள் இறங்குவது) செய்யும் பயணத்துக்கு லிவ்அபோர்ட் என்று பெயர். அதைப் பற்றித் திருச்சி முதல் வேதாரண்யம் வரை பலர் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

மன்னார்குடியிலிருந்து ஒரு விவசாயி: அந்தமானில் ஓபன் வாட்டர் என்ற முதல்நிலை ஸ்கூபா சர்டிபிகேட் வாங்கிவிட்டேன். சம்பா அறுவடை முடிந்தால்தான் வெளியே கிளம்ப முடியும். சிமிலான், மாலத்தீவு, ராஜா அம்பட் மூன்றில் எதற்குப் போகலாம்?

சிமிலானுக்குப் போங்கள். தாய்லாந்தின் அந்தமான் கடல் பக்கம் இருக்கும் இந்தத் தீவுகள் அக்டோபர் நடுவிலிருந்து மே நடுவரைதான் திறந்திருக்கும். நீங்கள் நெல்லைக் கரையேற்றிவிட்டு மாசியில் கிளம்பினால் கடல் அடங்கியிருக்கும், தண்ணீரும் தெளிவாக இருக்கும். காவோ லாக் பக்கத்தில் தாப் லாமு துறையிலிருந்து படகு ஏறலாம். நான்கு இரவுப் பயணம் என்றால் பெரும்பாலும் கோ போன், கோ தாச்சாய், ரிச்சலியூ பாறை என்ற பக்கத்து டைவ் இடங்கள் எல்லாம் அதில் அடங்கிவிடும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை திமிங்கலச் சுறா கண்ணில் பட வாய்ப்புண்டு. ‘கட்டாயம் காட்டுகிறோம்’ என்று யாராவது சொன்னால் அவரிடம் டிக்கெட் வாங்காதீர்கள்.

ஒரு விஷயம். ஓபன் வாட்டருக்கு 18 மீட்டர்தான் எல்லை. படகு நிற்கும் நல்ல இடங்கள் பல அதைவிட ஆழம். போவதற்கு முன்பே அடுத்த நிலையான அட்வான்ஸ்ட் கோர்ஸை முடித்துவிட்டால் 30 மீட்டர் வரை இறங்கலாம். சில படகுகளில் பயணத்தின்போதே அதையும் கற்றுத்தருகிறார்கள்.

மாலத்தீவும் அந்த மாதங்களில் அருமைதான். ஆனால் அங்கே பெரிய மீன்கள் கூடுவது பவளத் திட்டுகளுக்கு இடையே கடல் உள்ளே பாயும் வாய்க்கால்களில். நீரோட்டம் ஆளை இழுத்துக்கொண்டு போகும். அதனால் பல படகுகள் 30, 50 டைவ் அனுபவம் கேட்கின்றன. கேட்காத படகுக்காரரிடம்தான் எனக்குச் சந்தேகம் வரும். ராஜா அம்பட்டை இன்னும் இரண்டு மூன்று வருஷம் தள்ளிப்போடுங்கள். இந்தோனேசியாவின் கிழக்குக் கோடியில் சோரோங் வரை போய்ச் சேரவே உடம்பு அலுத்துவிடும். ஆனால் அது வேறு உலகம்: கேப் க்ரி என்ற இடத்தில் மீன் ஆய்வாளர் ஜெரி ஆலன் 2012-இல் ஒரே டைவில் 374 வகை மீன்களை எண்ணினார். மீன்களை அடையாளம் காணக் கொஞ்சம் பழகியபிறகு போனால்தான் அந்தச் செலவுக்கு அர்த்தம்.

தஞ்சாவூர் ஆசிரியை: எனக்கு மே மாத விடுமுறை மட்டும்தான் உண்டு.

அப்படியானால் சிமிலானை விட்டுவிடுங்கள், பாதி மாதத்தில் மூடிவிடுவார்கள். உங்களுக்காகவே இருப்பதுபோல ஒரு இடம் உண்டு: பிலிப்பைன்ஸின் துப்பத்தாஹா. சூலு கடலின் நடுவே இருக்கும் பவளத் திட்டு, 1993 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடம். தங்க விடுதி ஒன்றுமில்லை, லிவ்அபோர்ட் தவிர வேறு வழியுமில்லை. மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடுவரைதான் படகுகள் போகும். புவேர்ட்டோ பிரின்செசாவில் மாலையில் ஏறினால் ராத்திரி முழுக்க ஓடிக் காலையில் சேரும். மூன்று மாதமே சீசன் என்பதால் இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும், முந்தைய வருஷமே பதிவு செய்யுங்கள். அனுபவம் இருந்தால் இந்தோனேசியாவின் கொமோடோவும் மே மாதத்துக்கு ஏற்றது. நீரோட்டம் கடுமை, தெற்குப் பக்கம் தண்ணீர் குளிரும்.

கும்பகோணம் வாசகர்: இரண்டு படகுகளின் படமும் ஒன்றுபோல அழகாக இருக்கிறது. விலை மட்டும் பாதிக்குப் பாதி. எதைப் பார்த்து முடிவு செய்வது?

கேபின் படத்தைப் பார்க்காதீர்கள். மெத்தை எப்படி இருந்தாலும் நான்கு டைவ் முடித்தவனுக்குத் தூக்கம் வந்துவிடும்.

முதல் கேள்வியாக, ‘ராத்திரி எல்லோரும் தூங்கும்போது படகைச் சுற்றி வந்து பார்க்க ஆள் உண்டா?’ என்று கேளுங்கள். 2019 செப்டம்பரில் கலிபோர்னியா கரையோரம் ‘கன்செப்ஷன்’ என்ற டைவிங் படகு இரவில் தீப்பிடித்து, கீழ்த்தளத்தில் தூங்கிய 34 பேரும் இறந்துபோனார்கள். இரவுக் காவல் போடாததை விசாரணை அமைப்பு கடுமையாகக் குறைசொன்னது. தூங்கும் தளத்திலிருந்து வெளியேற இரண்டு வழி இருந்தும், இரண்டும் மேலே ஒரே அறையில்தான் போய்த் திறந்தன. அதனால் அடுத்த கேள்வி: கேபினிலிருந்து மேல்தளத்துக்கு வர இரண்டு தனித்தனி வழி உண்டா? டார்ச், கேமரா பேட்டரிகளை எங்கே சார்ஜ் போடச் சொல்கிறார்கள்? ‘உங்கள் கட்டில் பக்கத்திலேயே போடலாம்’ என்பது நல்ல பதில் இல்லை.

அப்புறம் ஆக்சிஜன் சிலிண்டர், சாட்டிலைட் போன், நீரோட்டத்தில் தள்ளிப்போனவரைத் தேடி எடுக்கச் சின்னப் படகு, எல்லாம் இருக்க வேண்டும். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். நான்கு பேர் என்றால் நல்லது, எட்டுப் பேர் என்றால் கூட்டம்.

விலைக்கு வருவோம். குறைந்த விலையில் பெரும்பாலும் பூங்காக் கட்டணம், டைவிங் உபகரண வாடகை, நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்று), எரிபொருளுக்கான கூடுதல் கட்டணம், துறைமுகத்துக்கு வண்டி எதுவும் சேர்ந்திருக்காது. எல்லாவற்றையும் கூட்டி எழுதித் தரச் சொல்லுங்கள். பாதிக்குப் பாதி என்ற வித்தியாசம் அப்போது நன்றாகச் சுருங்கிவிடும். இந்தோனேசியாவின் பினிசி மரக்கப்பல்களின் பாய்மரத்தைப் பார்த்து மயங்காதவர் இல்லை, ஆனால் ஓட்டுவது என்னவோ எஞ்சின்தான். எஞ்சினைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்றும் கேட்டுவிடுங்கள்.

மயிலாடுதுறையிலிருந்து: நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டியதுதானா?

வேண்டாம். பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுங்கள். சைவம் என்று மட்டும் சொன்னால் தாய்லாந்தில் மீன் சாஸ், இந்தோனேசியாவில் தெராசி என்ற இறால் விழுது குழம்புக்குள் வந்துவிடும். அவற்றைப் பெயர் சொல்லியே விலக்கச் சொல்லுங்கள். தாய்லாந்துப் படகில் ‘ஜே’ என்றால் சமையல்காரருக்குப் புரியும், அதில் மாமிசம், மீன் சாஸ் மட்டுமல்ல, பூண்டும் சேராது. பருப்புப்பொடி ஒரு டப்பா எடுத்துக்கொள்ளுங்கள்.

நாகப்பட்டினம் மீனவர் வீட்டுப் பையன்: சின்ன வயசிலிருந்து கடலில் முக்குளிக்கிறேன். எனக்கும் கோர்ஸ் தேவையா?

தேவை தம்பி. கோர்ஸில் கேட்கும் 200 மீட்டர் நீச்சலும் 10 நிமிட மிதப்பும் உனக்கு ஒன்றுமே இல்லை. படகு ஆட்டத்தில் மற்றவர்கள் வாந்தி எடுக்கும்போது நீ சாப்பிட்டுக்கொண்டிருப்பாய். ஆனால் உன் உடம்பில் ஊறிய ஒரு பழக்கம் ஸ்கூபாவில் ஆளைக் கொல்லும்: மூச்சைப் பிடிப்பது. முக்குளிப்பவன் மேலே இழுத்த காற்றோடு இறங்கி அதே காற்றோடு ஏறுகிறான். ஸ்கூபாவில் அந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே காற்றை இழுக்கிறோம். 10 மீட்டரில் நுரையீரல் நிறைய இழுத்துப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால் அது இரண்டு மடங்காக விரியும், நுரையீரல் கிழிந்துவிடும். விடாமல் மூச்சு விட்டு வாங்கப் பழகத்தான் கோர்ஸ்.

திருவாரூர், வயது 52: சுகர் இருக்கிறது, இன்சுலின் போடுகிறேன். போகலாமா?

உங்கள் டாக்டர் கையெழுத்துப் போட்டால் போகலாம். டைவுக்கு முன் நிரப்பச் சொல்லும் நோய்க் கேள்வித்தாளில் ‘இல்லை’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தண்ணீருக்கடியில் சர்க்கரை இறங்கி மயக்கம் வருவதுதான் பயம். டைவர்களின் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் வழிகாட்டுதல்படி, இறங்குவதற்கு முன் சர்க்கரை 150-க்குக் குறையாமல், இறங்குமுகமாக இல்லாமல் இருக்க வேண்டும். நாளைக்கு நான்கு டைவ் உங்களுக்கு அதிகம், இரண்டோடு நிறுத்துங்கள்.

பூம்புகார் கடலுக்குள் ஸ்கூபாவில் பார்க்க முடியுமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள்.

கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம் அங்கே இறங்கி ஆய்வு செய்தது உண்மை. சுற்றுலாவாகப் போக அது ஏற்ற இடமில்லை. ஆற்று வண்டலும் அலையும் கலக்கி, பெரும்பாலும் கை நீட்டினால் கை தெரியாது.

திருச்சி வாசகி: கடைசி டைவ் முடித்த அன்று ராத்திரியே கோலாலம்பூர் வழியாகத் திருச்சிக்கு விமானம் ஏறலாமா?

ஏறாதீர்கள். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தபின் குறைந்தது 18 மணி நேரம் தரையில் இருக்க வேண்டும், 24 என்றால் நிம்மதி. உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவ்வளவு நேரமாகும். அதற்குள் விமானத்தின் குறைந்த அழுத்தத்துக்குப் போனால் அது ரத்தத்தில் குமிழியாகிவிடும். நல்ல படகுகள் கடைசி நாள் காலையிலேயே டைவிங்கை முடித்துவிடும். நீங்கள் மறுநாள் மதியத்துக்கு மேல் டிக்கெட் போடுங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது ஸ்கூபா சேர்ந்திருக்கிறதா, எத்தனை மீட்டர் வரை என்று பாலிசியில் படித்துப் பாருங்கள். சாதாரண பாலிசிகள் பலவற்றில் அது இருக்காது.